சளி பிடித்த நாளில் ஓடலாமா, ஓய்வெடுக்கலாமா? திடலுக்குப் புறப்படும் முன் செய்ய வேண்டியவை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வேலை என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துத் திடலைச் சுற்றி நடக்கத் தொடங்கி, பிறகு மெதுவோட்டத்துக்கு வந்தேன். ஈப்போவில் நடக்கவிருந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்த வாரத்தில் எனக்குச் சளி பிடித்தது. காலையில் இரண்டு சளி மாத்திரைகளை விழுங்கினேன். உடம்பு இலேசாகிவிட்டதாக எண்ணி ஆறு கிலோமீட்டர் ஓடினேன். அன்று மாலை காய்ச்சல் 39.2 டிகிரி. நான்கு நாள் படுக்கையில் கிடந்தேன், மூன்று வாரம் இருமினேன், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைத்ததை நேரத்தோடு தெரிவிக்காததால் இரண்டு நாள் சம்பளத்தை இழந்தேன். ஈப்போ ஓட்டத்துக்கும் போக முடியவில்லை.

புதிதாக நடக்கவோ ஓடவோ தொடங்கியவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது. ஒரு நாள் விட்டால் பழக்கமே விட்டுப்போகும் என்ற அச்சத்தில் சளியோடு திடலுக்குப் போகிறார்கள். அல்லது ஒரு தும்மலுக்கே இரண்டு வாரம் படுத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் முடிவெடுக்கும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். இது உடல்நலமுள்ள பெரியவர்களுக்கானது. ஆஸ்துமா, இருதய நோய், நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

1. மாத்திரையைத் தொடும் முன் காய்ச்சலை அளந்து பாருங்கள்

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. நான் அன்று செய்த முதல் தவறு அதுதான். ஓடிவிட்டு வந்த பிறகுதான் மருந்தகத்தில் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மின்னியல் வெப்பமானி ஒன்றை வாங்கினேன். அதை முந்தின நாளே வாங்கியிருந்தால் அந்த ஒரு மாதம் வீணாகியிருக்காது.

அளக்கும் முறையில் கவனம் தேவை. வெப்பமானியின் முனையை நாக்குக்கு அடியில், நடுவில் அல்லாமல் ஒரு பக்கமாக உள்ளே தள்ளி வைத்து, வாயை மூடிக்கொண்டு, ஒலி கேட்கும்வரை மூக்கால் மூச்சுவிட வேண்டும். மூக்கு அடைத்துக் கிடந்தால் அக்குளில் வைத்துக் கையை இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் அக்குளில் கிடைக்கும் அளவு ஏறக்குறைய அரை டிகிரி குறைவாகவே காட்டும். எழுந்ததும் சூடாகத் தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டீர்கள் என்றால் அரை மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள்.

வாயில் 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் அது காய்ச்சல். அன்றைக்கு நடைப்பயிற்சியும் கூடாது. 37.5-லிருந்து 37.9 வரை இருந்தால் அன்று ஓய்வெடுத்து, மாலையில் மீண்டும் அளந்து பாருங்கள். உடல் வெப்பம் இயல்பாகவே விடியற்காலையில் குறைந்தும் மாலையில் சற்று ஏறியும் இருக்கும் என்பதால், காலையில் ஒரு முறை பார்த்து "காய்ச்சல் இல்லை" என்று தீர்மானித்துவிடுவது ஏமாற்றத்தில் கொண்டுபோய் விடும்.

இங்கே பெரிய கண்ணி பாராசிட்டமால். அது காய்ச்சலை நான்கிலிருந்து ஆறு மணி நேரம் அடக்கி வைக்குமே தவிர, நோயைக் குறைக்காது. நான் விழுங்கிய சளி மாத்திரையிலும் அது கலந்திருந்தது. பெட்டியைப் படிக்காததால் எனக்குத் தெரியவில்லை. கடைசி மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது கழிந்த பிறகு கிடைக்கும் அளவை மட்டுமே நம்புங்கள்.

2. படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணுங்கள்

இதற்குச் செலவே இல்லை. கண் விழித்ததும், எழுந்து நடப்பதற்கு முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்தில் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுமையாக எண்ண வேண்டும். நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே ஒரு வாரம் எண்ணி எழுதி வைத்துக்கொண்டால்தான், நோய் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க முடியும். என் வழக்கமான எண்ணிக்கை 62. உடல் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் துடிப்பு ஏறக்குறைய பத்து கூடும் என்பது மருத்துவர்களின் பொதுக் கணக்கு. ஆகவே வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியிருந்தால், வெப்பமானி என்ன சொன்னாலும் நான் அன்றைக்குக் காலணியைத் தொடுவதில்லை.

3. தொல்லை கழுத்துக்கு மேலா, கீழா என்று பாருங்கள்

காய்ச்சல் இல்லை, நாடியும் சரியாக இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி இது. மூக்கொழுகல், தும்மல், மூக்கடைப்பு, தொண்டையில் இலேசான கரகரப்பு ஆகியவை கழுத்துக்கு மேலே நிற்பவை. இவை மட்டும் என்றால் மிதமான பயிற்சி பெரும்பாலும் தீங்கு செய்யாது. நெஞ்சுச் சளி, நெஞ்சிலிருந்து வரும் இருமல், மூச்சிரைப்பு, உடம்பு முழுக்க வலி, குளிர் நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை கழுத்துக்குக் கீழே இருப்பவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓய்வுதான். விளையாட்டு மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் எளிய விதி இது.

"நன்றாக வியர்த்தால் சளி இறங்கிவிடும்" என்று எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். அன்பால் சொல்லும் சொல்தான், ஆனால் அதை நம்பி ஓடக் கூடாது. 1998-இல் அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், உடல்நலமுள்ள இளையோருக்குச் சளிக் கிருமியை வேண்டுமென்றே மூக்கில் செலுத்தி, அவர்களில் ஒரு பகுதியினரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 நிமிடம் மிதமான பயிற்சி செய்ய வைத்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்குச் சளி கூடவுமில்லை, சீக்கிரம் போகவுமில்லை. சாதாரணச் சளிக்கு மிதமான பயிற்சி கெடுதல் செய்யாது என்பதற்கு இந்த ஆய்வு எவ்வளவு ஆதாரமோ, வியர்வை மருந்தாகாது என்பதற்கும் அவ்வளவே ஆதாரம்.

காய்ச்சலோடு ஓடுவதில் களைப்பைத் தவிர வேறோர் ஆபத்தும் இருக்கிறது. சளிக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா), கோவிட் போன்ற கிருமித் தொற்றுகள் சிலருக்கு இருதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அரிதாக வருவதுதான், ஆனால் அந்த நிலையில் இருதயத்தைக் கடுமையாக வேலை வாங்கினால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே முடிவாகலாம். அந்த நோய் உறுதியானவர்களை மருத்துவர்கள் மூன்றிலிருந்து ஆறு மாதம் விளையாட்டிலிருந்து விலக்கி வைக்கிறார்கள். ஒரு வார ஓய்வைப் பெரிய இழப்பாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, படபடப்பு, காரணமில்லாத மூச்சிரைப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு 999-ஐ அழையுங்கள். மோட்டார் சைக்கிளை நீங்களே ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாதீர்கள்.

4. இது சளிதானா என்று சந்தேகப்படுங்கள்

நம் ஊரில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. திடீரென்று கடுங்காய்ச்சல் வந்து, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, உடம்பில் சிவப்புப் புள்ளிகள் இருந்து, மூக்கு ஒழுகாமல் இருந்தால் முதலில் டிங்கியை நினைக்க வேண்டும். கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். முதல் சில நாள்களில் என்எஸ்1 சோதனை டிங்கியைக் காட்டிக்கொடுக்கும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையை அடுத்தடுத்த நாள்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

டிங்கியில் பலர் ஏமாறும் இடம், காய்ச்சல் இறங்கும் நாள். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும்; அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகலாம். "காய்ச்சல் விட்டுவிட்டது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்" என்று அந்த நாளில் கிளம்பாதீர்கள். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு என்றால் உடனே மருத்துவமனை. டிங்கி இல்லை என்று தெரியும்வரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவற்றைத் தொட வேண்டாம். இரத்தக் கசிவை அவை கூட்டும்.

தோட்டத்து வேலையில் இருப்பவர்கள் எலிச் சிறுநீர்க் காய்ச்சலையும் மறக்கக் கூடாது. கால்வாயிலோ தேங்கிய தண்ணீரிலோ இறங்கி வேலை செய்த ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், "நான் தோட்டத்தில் தண்ணீரில் இறங்கினேன்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சளிக்காய்ச்சல் என்று சந்தேகம் இருந்தால் தாமதிக்காமல் போங்கள். அதற்கான கிருமி எதிர்ப்பு மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். நான் மூன்றாம் நாள்தான் போனேன்.

5. போகலாம் என்று முடிவானால், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்

முதல் மூன்று படிகளிலும் தேறி, நான்காவதில் சந்தேகமும் இல்லை என்றால் திடலுக்குப் போகலாம். வழக்கமான நேரத்தில் பாதி, வழக்கமான வேகத்தில் பாதி, ஓடுபவர் நடக்கட்டும். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மேல் வேகம் கூட்ட வேண்டாம். முதல் பத்து நிமிடம் ஒரு சோதனை: தலை தெளிந்து மூக்கு திறந்தால் தொடருங்கள், தலை கனத்து, கால் இழுத்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். பளு தூக்குவதையும் பந்தய வேகத்தையும் ஒதுக்கி வையுங்கள்.

வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சளியோடு இருக்கும் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். புகைமூட்டக் காலத்தில் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, சளி இருப்பவர் வெளியே மூச்சு வாங்கும் வேலை எதுவும் செய்யக் கூடாது.

பூப்பந்து மண்டபம், ஜிம் போன்ற மூடிய இடங்களுக்கு முதல் மூன்று நாள்களாவது போகாதீர்கள். சளி பிறருக்கு மிக எளிதில் தொற்றும் நாள்கள் அவைதாம். நம்மோடு விளையாடுபவரின் வீட்டில் கைக்குழந்தையோ பாட்டியோ இருப்பார்கள். கடைக்குப் போக வேண்டியிருந்தால் முகக்கவரி அணிந்துகொள்ளுங்கள்.

6. மருந்துப் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பெரியவர் ஒருவர் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளக்கூடிய பாராசிட்டமாலின் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. சளி மாத்திரையிலும் அது இருக்க, தனியாகப் பனடோலும் போட்டால் தெரியாமலேயே அளவு மீறிக் கல்லீரல் பாதிக்கப்படும்.

மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎஃபிட்ரின் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும். அதைப் போட்ட நாளில் ஓட வேண்டாம், நாடிக் கணக்கும் அன்று செல்லாது. மூக்கொழுகலை நிறுத்தும் குளோர்ஃபெனிரமின் தூக்கம் வரவழைக்கும். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போவதும், செம்பனைக் குலை வெட்டக் கத்தி பிடிப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

எதிருயிரி மருந்து (ஆன்டிபயாட்டிக்) சாதாரணச் சளிக்குப் பயன்படாது. கொடுக்கும்படி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் தொண்டை கொப்பளிப்பதும், இரசமும், நல்ல தூக்கமும் போதும். ஆவி பிடிப்பதாக இருந்தால் கொதிக்கும் சட்டியைக் குழந்தைகள் நடமாடும் தரையில் வைக்க வேண்டாம்.

7. கிளினிக், செலவு, எம்.சி.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. மருந்தும் அதில் அடங்கும். அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் முன்பதிவு வசதி உள்ள கிளினிக் என்றால் முதல் நாள் இரவே பதிந்துவிடுங்கள்; இல்லாவிட்டால் காலையிலேயே போய் எண் எடுப்பது நல்லது. எட்டரைக்குப் போய் நண்பகல்வரை உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. தனியார் கிளினிக்கில் அன்று எனக்கு ஆலோசனையும் மருந்தும் சேர்த்து 65 வெள்ளி ஆயிற்று.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், அளந்த வெப்ப அளவுகள், விழுங்கிய மாத்திரைகளின் பெயர், ஒவ்வாமை, அண்மையில் தண்ணீரில் இறங்கியது. மாத்திரை அட்டையையே கொண்டுபோனால் இன்னும் நல்லது. மருத்துவர் முன் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும்.

இனி எம்.சி. இதில்தான் நான் காசை விட்டேன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆனால் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ இல்லை என்றால், கையில் எம்.சி. இருந்தாலும் அனுமதியின்றி வராததாகவே கணக்கு. நான் எம்.சி.-யைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வேலைக்குத் திரும்பும் நாளில் கொடுத்துக்கொள்ளலாம் என்று படுத்திருந்தேன். அலுவலகத்தில் மற்றவர்களின் வருகைக் கணக்கை எழுதுபவனே நான். இருந்தும் இந்த விதி என் நினைவுக்கு வரவில்லை.

எனவே கிளினிக் வாசலிலேயே எம்.சி.-யைப் படமெடுத்து, மேலாளருக்கோ தண்டலுக்கோ (வேலை மேற்பார்வையாளருக்கோ) வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனுப்பிய நேரம் அதில் பதிந்திருக்கும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். மூலத்தைத் திரும்பிய அன்றே கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி.-யில் பெயர், அடையாள அட்டை எண், தேதி, மருத்துவரின் கையொப்பம், முத்திரை ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று முகப்பை விட்டு நகரும் முன் பாருங்கள். உங்கள் நிறுவனத்துக்கென்று நியமித்த கிளினிக் இருந்தால் முதலில் அங்கேதான் போக வேண்டும். வேறு கிளினிக்கின் எம்.சி.-யை ஏற்பார்களா என்பதை நோய் வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

எம்.சி. எடுத்த நாளில் திடலில் ஓடாதீர்கள். உடம்புக்கும் ஆகாது, பார்த்தவர் சொன்னால் பதில் சொல்வதும் கடினம்.

8. திரும்பத் தொடங்கும் கணக்கு

மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் வெளியே நடமாடத் தொடங்க வேண்டும். பயிற்சிக்கு நான் அதற்கு மேலும் ஒரு நாள் சேர்த்துக்கொள்கிறேன். முதல் நாள் பதினைந்து நிமிட நடை. மறுநாள் காலை நாடி ஏறவில்லை என்றால் இருபத்தைந்து நிமிடம். அதன் பிறகு நடையும் ஓட்டமும் கலந்து. எத்தனை நாள் படுத்திருந்தேனோ, அத்தனை நாளாவது எடுத்துக்கொண்டே பழைய அளவுக்குத் திரும்புகிறேன். நடுவில் துடிப்பு கூடினால் ஒரு படி பின்னால் வருகிறேன்.

சாதாரணச் சளி ஏழிலிருந்து பத்து நாளில் போய்விடும். இருமல் மட்டும் மூன்று வாரம்வரை இழுக்கலாம். ஆனாலும் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்ச் சோதனைக்குப் போக வேண்டும். நம் நாட்டில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் எனக்கும் கிளினிக்கில் மூடியிட்ட சிறு பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்து, விடியற்காலையில் பல் துலக்கும் முன், ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளியைக் கொண்டுவரச் சொன்னார்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தாதி எச்சரித்திருந்ததால், கதவைத் திறந்து வெளியே போய் மூன்று முறை முயன்றேன். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகே ஓடத் தொடங்கினேன்.